பழங்கடலில் ஆக்சிஜன் இருந்ததா? காரைக்குடிப் பக்கத்திலிருந்து தொடங்குபவருக்கு ஒரு சீரியம் வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் புவியியலோ கடலியலோ வேதியியலோ எம்.எஸ்சி. படிக்கிறீர்கள். ப்ராஜெக்டுக்கு ஏதாவது வித்தியாசமாகச் செய்யலாம் என்று தேடியபோது ‘அருமண் தனிமங்களை வைத்துப் பழைய கடலின் ஆக்சிஜனைக் கண்டுபிடிக்கலாம்’ என்று எங்கோ படித்துவிட்டீர்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியை இதுவரை தொட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. எந்தக் கல்லை எடுப்பது, எப்படிக் கரைப்பது, வந்த எண்ணை எப்போது நம்புவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கணக்கு ஐந்து நிமிட வேலை, நம்பலாமா என்ற கேள்விக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

அருமண் தனிமங்கள் என்று இங்கே சொல்வது, அணு எண் 57 லாந்தனத்திலிருந்து 71 லுட்டீசியம் வரை உள்ள 15 தனிமங்களை. இதில் 61-ஆம் எண்ணான புரோமீத்தியத்துக்கு நிலையான ஐசோடோப்பு இல்லை, கல்லில் தேட வேண்டாம். மீதி 14. இவற்றோடு இட்ரியத்தையும் சேர்த்து அளப்பது வழக்கம். ஏன் என்பது பின்னால் வரும்.

இந்தப் பதினான்கும் ஒரே வளவில் வளர்ந்த பங்காளிகள் மாதிரி. எல்லாவற்றுக்கும் கடல்நீரில் +3 மின்சுமைதான். இடமிருந்து வலமாகப் போகப்போக அயனியின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அதனால் எங்கே போனாலும் கூட்டமாகவே போகும், கூட்டமாகவே வரும். சீரியம் மட்டும் விதிவிலக்கு. ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் அது ஒரு எலக்ட்ரானை இழந்து +4 ஆகிவிடும். மாங்கனீசு ஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பில் இது குறிப்பாக நன்றாக நடக்கும், இரும்பு ஆக்சைடிலும் ஓரளவு நடக்கும். +4 ஆன சீரியம் எளிதில் கரையாது. துகளோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். எனவே ஆக்சிஜன் உள்ள கடல்நீரில் லாந்தனமும் பிரசியோடைமியமும் இருக்கும் அளவுக்குச் சீரியம் இருக்காது. இந்தக் குறைவுக்குத்தான் ‘எதிர்ச் சீரியப் பிறழ்வு’ என்று பெயர். அந்தத் தண்ணீரிலிருந்து நேரடியாகப் படிந்த சுண்ணாம்புக்கல் இதே குறைவைத் தன்னுள் பதித்து வைத்திருக்கும்.

ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் கதை தலைகீழ். மாங்கனீசு ஆக்சைடு கரைந்துவிடும், அது பிடித்து வைத்திருந்த சீரியமும் தண்ணீருக்கே திரும்பும். கருங்கடலில் மேலே ஆக்சிஜன் உள்ள நீரில் சீரியக் குறைவு இருக்கிறது, கீழே ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்த நீரில் அந்தக் குறைவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இந்த முறை முழுவதும் நிற்பது இந்த ஒரு எலக்ட்ரான் மேல்தான். மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரியைத்தான் சொல்கிறேன். ஆக்சிஜனேற்ற நிலை, மின்னழுத்தம் என்று பேச ஆரம்பித்தால் கூடப் பேச ஆள் கிடைக்கும் ஊர் இது.

எந்தக் கல்?

செட்டிநாட்டில் காலடியில் கிடப்பது பெரும்பாலும் செம்மண்ணும் செம்புராங்கல்லும். இரண்டும் இந்த வேலைக்கு உதவாது. உதவாதது மட்டுமில்லை, கெடுதலும் செய்யும். செம்புராங்கல் உருவாகும்போது மழைநீர் மற்ற அருமண் தனிமங்களைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். சீரியம் மட்டும் மேலடுக்கில் +4 ஆக மாறித் தங்கிவிடும். பல இடங்களின் செம்புராங்கல் அடுக்குகளில், மேலே சீரியம் மிகுந்தும் கீழே குறைந்தும் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதாவது கடலே இல்லாமல், மழையும் காற்றும் சேர்ந்து நிலத்திலேயே சீரியப் பிறழ்வை உண்டாக்கிவிடும். அதனால் மாதிரிப் பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு செம்மண் முற்றத்தில் உட்கார்ந்து கல் உடைக்காதீர்கள். ஓடைகளில் கிடைக்கும் சுக்கான்கல்லும் வேண்டாம். அது மண்ணுக்குள் நிலத்தடி நீரில் விளைந்த சுண்ணாம்பு, கடலைப் பார்த்ததே இல்லை.

பயிற்சிக்குத் தொண்டி போங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பஸ். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கேதான் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அங்கே எடுக்கும் சேற்றை முழுதாகக் கரைத்து அளந்தால், கரையிலிருந்து வந்த களிமண்ணின் வடிவம்தான் பெரும்பாலும் தெரியும். பழைய கடலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆனால் ‘கடலில் எடுத்ததெல்லாம் கடல்நீரின் பதிவு அல்ல’ என்ற பாடத்தை இதைவிடக் குறைந்த செலவில் கற்க முடியாது.

உண்மையான வேலைக்கு அரியலூர். புதுக்கோட்டை, திருச்சி வழியாகப் போனால் முதலில் கல்லக்குடி வரும். பெயர்ப் போராட்டத்தால் எல்லோருக்கும் தெரிந்த ஊர், புவியியல்காரர்களுக்கு அது டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல். பவளமும் பாசியும் சேர்ந்து கட்டியது, 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வயது. அதற்கு அப்பால் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டு, தடித்த சிப்பிகள் நிறைந்தது. இரண்டுக்கும் நடுவில், வயதிலும்தான், காரைக் களிப்பாறை. உலகம் முழுக்கக் கடலில் ஆக்சிஜன் குறைந்துபோன ஒரு காலம் சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது, அதுவும் இந்தப் படுகையின் வரலாற்றுக்குள் அடங்கும். புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் வரைபடம் போட்டு வெளியிட்ட பகுதி இது. அன்றிலிருந்து ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், ஆகவே அடுக்குகளின் வயதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமம் உங்களுக்கு இல்லை. குவாரிகள் சிமென்ட் ஆலைகளின் கையில் இருக்கின்றன, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். சாத்தனூர் கல்மரத்தைப் போய்ப் பாருங்கள், சுத்தியலைப் பையிலேயே வைத்துவிட்டு.

காரைக் களிப்பாறையில் பாஸ்பேட் உருண்டைகள் கிடைக்கும். பாஸ்பேட்டில் அருமண் தனிமங்கள் அள்ளக் குறையாமல் இருக்கும், அளப்பதும் சுலபம். ஆனால் அந்த உருண்டைகள் அவற்றைப் பெரும்பாலும் சேற்றுக்குள் தேங்கிய நீரிலிருந்துதான் வாங்கியிருக்கும், மேலே இருந்த கடலிலிருந்து அல்ல. மீன் பற்களுக்கும் இதே கதைதான். தொடங்குபவர் சுண்ணாம்புக்கல்லோடு நிற்பது நல்லது. அதிலும் கல்லின் இடுக்குகளில் கடல்நீர் நேரடியாகப் படிய வைத்த கால்சைட் சிமென்ட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு.

வெட்டுவதும் கழுவுவதும்

கையகலக் கல்லில் வெளிப்புறம் ஒரு விரற்கடையாவது வெட்டி எறியுங்கள். வானிலையால் பழுப்பேறிய பகுதி, வெண்ணரம்பு ஓடிய இடம், களிமண் படிந்த கோடு எதுவும் வேண்டாம். மெல்லிய சீவல் செய்து நுண்ணோக்கியில் பார்த்து, எங்கே துளையிடுவது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சீவலைப் பளபளப்பாக்கச் சில ஆய்வகங்களில் சீரியம் ஆக்சைடுப் பொடியைப் பயன்படுத்துவார்கள். நாம் தேடுவதே பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலான சீரியம். அந்தப் பொடி தொட்ட துண்டிலிருந்து மாதிரி எடுத்தால் எல்லாம் போச்சு. சீவலுக்கு ஒரு துண்டு, வேதியியலுக்கு வேறு துண்டு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். துண்டுகளை 18.2 மெகாஓம் அளவுக்குச் சுத்திகரித்த மிகத் தூய நீரில் கழுவிக் காயவைத்து, அகேட் உரலில் பொடியுங்கள்.

கரைப்பது: அமிலம் கம்மியாக இருக்கட்டும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கல்லை முழுவதும் கரைத்தால்தான் முழு உண்மை வரும் என்று தோன்றும். நேர் எதிர். வலுவான அமிலம் சுண்ணாம்போடு சேர்த்துக் களிமண்ணையும் இரும்பு ஆக்சைடையும் கடித்து, அவற்றின் அருமண் தனிமங்களையும் கரைசலுக்குள் கொண்டுவந்துவிடும். சுண்ணாம்பில் இவை மிகக் குறைவு, களிமண்ணில் ஏராளம். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு களிமண்ணே கடல்நீரின் வடிவத்தை மூழ்கடிக்கப் போதும்.

ஆகவே அசிட்டிக் அமிலம், அதுவும் அளந்து. 100 மில்லிகிராம் சுண்ணாம்புத் தூள் என்பது 1 மில்லிமோல் கால்சியம் கார்பனேட். முழுவதும் கரைய 2 மில்லிமோல் அமிலம் வேண்டும், அதாவது 1 மோலார் அசிட்டிக் அமிலம் 2 மில்லி. நமக்கு மூன்றில் ஒரு பங்குதான் கரைய வேண்டும், அப்படியானால் 0.67 மில்லி. அதை 5 மில்லியாக நீர்த்து ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிவைக் கொட்டிவிடுங்கள். துகள்களின் மேல் ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் அதில் போய்விடும். மறுபடி அதே 0.67 மில்லி, அதே நீர்த்தல். இந்த இரண்டாவது தெளிவுதான் உங்கள் மாதிரி. மிஞ்சிய மூன்றாவது பங்கை இப்போது கரைக்க வேண்டாம். அசிட்டிக் அமிலம் வலுவற்றது, கணக்குப்படி துல்லியமாகக் கரையாது. எவ்வளவு கரைந்தது என்பதைக் கரைசலின் கால்சியத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தெளிவை டெஃப்ளான் குப்பியில் ஆவியாக்கி, 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் மீண்டும் கரைக்க வேண்டும். 33 மில்லிகிராம் சுண்ணாம்பு 33 மில்லியில் இருந்தால் 1000 மடங்கு நீர்த்தல், கரைந்த உப்பு 0.1 சதவீதம். கருவிக்கு அது தாங்கும்.

அளவிடும் இடத்தில் கேட்க வேண்டியவை

கருவியை நீங்கள் ஓட்டப்போவதில்லை, வேறொரு ஆய்வகத்துக்குத்தான் அனுப்புவீர்கள். அப்படியென்றாலும் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சீரியம் ஆக்சைடு விகிதம், அதாவது கருவிக்குள் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும் சீரியத்தின் பங்கு, 2 சதவீதத்துக்குள் இருந்ததா? பேரியத்தையும் சேர்த்து அளந்தார்களா? பேரியம் 135-உடன் ஆக்சிஜன் 16 சேர்ந்தால் 151, பேரியம் 137-உடன் சேர்ந்தால் 153. யூரோப்பியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் அதே எடையில்தான் இருக்கின்றன. பேரியம் மிகுந்த சுண்ணாம்புக்கல்லில் யூரோப்பியம் திடீரென்று எகிறினால் வெந்நீர் ஊற்று என்று குதிக்காமல், பேரியத்தைப் பாருங்கள். மாதிரிகளுக்கு நடுவே வெறும் அமிலமும், ஜேடிஓ-1 போன்ற ஜப்பானிய டோலமைட் தரமாதிரியும் ஓடியிருக்க வேண்டும். அலுமினியம், தோரியம், சிர்க்கோனியம், மாங்கனீசு, ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றையும் அதே கரைசலில் கேளுங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இவற்றை விட்டால், பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

கணக்கு

வந்த எண்களை அப்படியே வரைந்தால் பல் பல்லாக ஏறி இறங்கும். இரட்டைப்படை அணு எண் கொண்டவை இயற்கையிலேயே அதிகம். அதனால் ஒரு சராசரிப் பாறையால் வகுக்க வேண்டும். வழக்கமாக எடுப்பது, டெய்லரும் மெக்லென்னனும் 1985-இல் தொகுத்த ஆஸ்திரேலியக் களிப்பாறைச் சராசரி. அதில் லாந்தனம் 38.2, சீரியம் 79.6, பிரசியோடைமியம் 8.83, நியோடிமியம் 33.9 பிபிஎம்.

பயிற்சிக்கு ஒரு கல்லைக் கற்பனை செய்வோம். லாந்தனம் 3.82, சீரியம் 4.38, பிரசியோடைமியம் 0.75, நியோடிமியம் 3.05. வகுத்தால் முறையே 0.100, 0.055, 0.085, 0.090. பழைய வாய்ப்பாடு, லாந்தனத்துக்கும் பிரசியோடைமியத்துக்கும் நடுவில் சீரியம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது. இரண்டின் சராசரி 0.0925. சீரியத்தை அதால் வகுத்தால் 0.60. அதாவது இருக்க வேண்டியதில் 60 சதவீதம்தான் இருக்கிறது.

சரி, ஆனால் கடல்நீரில் லாந்தனமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும் குணம் உண்டு. லாந்தனம் தூக்கிக் காட்டினால், சீரியம் குறையாமலேயே குறைந்த மாதிரி தெரியும். அதனால் லாந்தனத்தை ஒதுக்கிவிட்டு, பிரசியோடைமியத்தின் வர்க்கத்தை நியோடிமியத்தால் வகுத்து எதிர்பார்ப்பைக் கண்டுபிடியுங்கள். இங்கே 0.080 வரும். சீரியத்தை அதால் வகுத்தால் 0.69. கொஞ்சம் ஏறினாலும் குறைவு குறைவுதான். கடைசியாக, பிரசியோடைமியத்தைச் சீரியம், நியோடிமியம் இரண்டின் சராசரியால் வகுங்கள். 1.17 வருகிறது. இது 1.05-க்கு மேல் இருந்தால் சீரியம் உண்மையாகவே குறைந்திருக்கிறது.

இன்னொரு கல். லாந்தனம் அதே 3.82, சீரியம் 6.37, பிரசியோடைமியம் 0.69, நியோடிமியம் 2.60. பழைய வாய்ப்பாட்டில் 0.90. இந்த இடத்தில்தான் போன் வரும்.

“அண்ணே, 0.9 வந்திருச்சு. ஆக்சிஜன் இருந்துச்சுன்னு எழுதிடவா?”

“நியோடிமியத்தை வச்சுப் போட்டுப் பார்த்தியா தம்பி?”

போட்டுப் பார்த்தால் 1.01. பிரசியோடைமியத்தின் விகிதம் 1.00. சீரியம் குறையவே இல்லை, லாந்தனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘1’ என்ற எண்ணிடம் ஜாக்கிரதை

ஆக்சிஜன் இல்லாத கடலின் சுண்ணாம்பில் சீரிய விகிதம் 1-ஐ ஒட்டி வரும். களிமண் கலந்த சுண்ணாம்பிலும் 1-ஐ ஒட்டித்தான் வரும், வகுத்த எண்ணே களிப்பாறையுடையதுதானே. ஆக, 0.5 வந்தால் அதைக் களிமண் கலப்பு உண்டாக்கியிருக்க முடியாது, அது குறைவை மறைக்கத்தான் செய்யும். ஆனால் 1 வந்தால், கடல் மூச்சுத் திணறியதா, உங்கள் மாதிரி அழுக்கா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ‘இங்கே ஆக்சிஜன் இல்லை’ என்று எழுதுபவருக்கு, ‘இருந்தது’ என்று எழுதுபவரைவிட அதிகச் சான்று தேவை. படிக்கக் கிடைக்கும் கட்டுரைகள் சிலவற்றிலேயே இதைக் கண்டும் காணாமலும் போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத்தான் இட்ரியம். களிப்பாறையில் இட்ரியத்தை ஹோல்மியத்தால் வகுத்தால் எடைக்கணக்கில் சுமார் 27. இன்றைய கடல்நீரில் பொதுவாக 44-க்கு மேல். உங்கள் மாதிரியில் 28, 30 என்று வந்தால் மண்தான் பேசுகிறது, அதன் சீரியத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 45, 50 என்று வந்து, கனமான அருமண் தனிமங்களின் பக்கம் கோடு ஏறி, லாந்தனமும் கொஞ்சம் கூடி, சீரியம் மட்டும் 1-இல் நின்றால் அப்போது பேச்சு வேறு. அது கடல்நீர்தான், ஆக்சிஜன் குறைந்த கடல்நீர்.

அப்புறம் எல்லா மாதிரிகளையும் சேர்த்து, மொத்த அருமண் அளவை அலுமினியத்தோடும் தோரியத்தோடும் வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் களிமண் கலப்பு. மணவாளக்குறிச்சி மணலில் பெயர்பெற்ற மோனசைட் போன்ற தாதுவின் துகள் ஒன்றிரண்டு இருந்தாலும் தோரியம் காட்டிக்கொடுக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்துக்கு மோனசைட் அசையாது என்பது, முழுதாகக் கரைக்காமல் விட்டதற்குக் கிடைக்கும் இன்னொரு லாபம். மாங்கனீசு கூடி ஸ்ட்ரான்சியம் குறைந்திருந்தால், கல் புதைந்த பின் வேறு நீர் உள்ளே புகுந்திருக்கலாம்.

எவ்வளவு சொல்லலாம்?

சீரியம் ஆக்சிஜனுக்கு அளவுகோல் அல்ல. 0.3-க்கு இவ்வளவு ஆக்சிஜன், 0.6-க்கு அதில் பாதி என்று கணக்குப் போட முடியாது. இன்றைய கடலையே பாருங்கள். ஆழ்பசிபிக்கில் ஆக்சிஜன் ஆழ்அட்லாண்டிக்கைவிடக் குறைவு, ஆனால் சீரியக் குறைவு அங்கேதான் அதிகம். பசிபிக்கின் ஆழ்நீர் மேற்பரப்பை விட்டுக் கிளம்பி அதிக காலமாகிவிட்டது, அதுவரை துகள்கள் சீரியத்தை எடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. ஒரே அடுக்கில் ஆழமற்ற இடமும் ஆழமான இடமும் வேறு வேறு எண் காட்டுவதும் சகஜம்.

மாங்கனீசு கரைவதும் கரையாததுமான எல்லை எங்கே இருந்தது என்பதைத்தான் சீரியம் நன்றாகச் சொல்லும். அது ஆக்சிஜன் மிகவும் மெலிந்துபோகும் எல்லை. மீன் வாழ்ந்ததா, வளம் இருந்ததா என்பதற்கெல்லாம் வேறு சான்று தேட வேண்டும். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் முதலில் நிலைத்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆனால் ஆழ்கடல் வரை இன்றைய மாதிரி காற்றோட்டம் வந்தது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் என்று சுண்ணாம்புக்கல் சீரியத் தொடர்களை வைத்து வாதிடுகிறார்கள். அந்த வாதமும் ஒரே கல்லை வைத்து எழுந்ததில்லை, நூற்றுக்கணக்கான மாதிரிகளின் போக்கை வைத்து எழுந்தது. உங்களிடம் இருப்பது இருபது முப்பது மாதிரி. ‘கல்லங்குறிச்சிக் கடலில் ஆக்சிஜன் இருந்தது’ என்று எழுதுவதைவிட, ‘இந்தக் குவாரியின் இந்த அடுக்குகளில், இட்ரியம்–ஹோல்மியம் சோதனையில் தேறிய மாதிரிகளில், சீரியக் குறைவு இவ்வளவு’ என்று எழுதுங்கள். தேறாத மாதிரிகளையும் அட்டவணையிலிருந்து நீக்காமல், ஏன் ஒதுக்கினீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

அட்டவணையில் 14 தனிமங்களையும் இட்ரியத்தையும் வகுக்காத பிபிஎம் எண்ணாகவே கொடுங்கள். எந்தக் களிப்பாறைச் சராசரியால் வகுத்தீர்கள், எந்த வாய்ப்பாடு, எந்த அமிலம், எத்தனையாவது கரைப்பு என்பதை அதற்குக் கீழே எழுதிவிடுங்கள். கரையாமல் மிஞ்சிய மூன்றாவது பங்கைக் காயவைத்து, பெயர் ஒட்டிய குப்பியில் பத்திரப்படுத்துங்கள். வைவா அன்று யாராவது “களிமண் எத்தனை சதவீதம்?” என்று கேட்டால், அதிலுள்ள மிச்சச் சுண்ணாம்பையும் கரைத்துவிட்டு, மீதியை எடைபோட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.